கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வாயைப் பார்ப்பது யார்?

பூச்சோங் - புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு முடி கொட்டும், வாந்தி வரும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தலைக்குத் துணி வாங்கி வைக்கும் குடும்பங்கள் உண்டு. வாய் வெந்துபோகும் என்பதை மட்டும் பலர் எதிர்பார்ப்பதில்லை. வந்த பிறகும் அதை மருத்துவமனையில் சொல்லவேண்டும் என்று நினைப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம், சிகிச்சை நடக்கும் முறை. முன்பு வார்டில் படுத்துக்கொண்டு எடுத்த மருந்துகளில் பெரும்பகுதி இப்போது பகல்நேரப் பிரிவில் கொடுக்கப்படுகிறது. காலையில் போய், இரத்தப் பரிசோதனை முடித்து, நாற்காலியில் அமர்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பலாம். நோயாளிக்கும் அதுதான் வசதி. ஆனால் வாய்ப்புண் அன்று வருவதில்லை. மருந்து ஏறி 5 முதல் 10 நாள்களுக்குள் தொடங்கி, இரண்டாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் நோயாளி பூச்சோங் பெர்டானாவிலோ பத்து 14-லோ தம் வீட்டில் இருக்கிறார். அவரைக் கவனிக்கும் தாதி புத்ராஜெயாவில் இருக்கிறார், அல்லது கோலாலம்பூரில் இருக்கிறார். அடுத்த சந்திப்பு மூன்றாவது வாரத்தில். அதற்குள் புண் பாதி ஆறியிருக்கும். மருத்துவர் கேட்டாலும், "இப்போ பரவாயில்லை டாக்டர்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

இடையில் அந்த இரண்டு வாரம் வீட்டில் என்ன நடந்தது என்பது யாருடைய கோப்பிலும் இருக்காது.

*எத்தனை பேருக்கு வருகிறது?*

தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் நாட்டில் 115,238 புதிய புற்றுநோய்கள் பதிவாயின. 2017 முதல் 2021 வரை அந்த எண்ணிக்கை 168,822 ஆக உயர்ந்தது. பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் ஆண்களிடையே பெருங்குடல் புற்றுநோயும் முதலிடத்தில் உள்ளன. இந்த இரண்டுக்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் சில வாயைப் புண்ணாக்குவதில் பெயர் பெற்றவை. டாக்ஸோருபிசின், 5-எஃப்யூ, மாத்திரையாகக் கொடுக்கப்படும் கேப்பசிடபின் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

வழக்கமான அளவில் கீமோ எடுப்பவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினருக்கு வாய்ப்புண் வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக உயர் அளவு மருந்து பெறுபவர்களிடம் இது 80 விழுக்காடு வரை போகும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். இதை மருத்துவத்தில் மியூகோசைடிஸ் என்கிறார்கள்.

காரணம் எளிது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல் அப்படிப்பட்டது. வாயின் உள்தோலும் அப்படிப்பட்டதுதான்; ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மருந்து அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. பழைய தோல் உதிர்கிறது, புதியது வருவதில்லை. உதட்டின் உள்பக்கம், கன்னம், நாக்கின் அடி எல்லாம் சிவந்து, பிறகு புண்ணாகிறது.

இதே நாள்களில்தான் வெள்ளை இரத்த அணுக்களும் மிகக் குறைந்த நிலைக்கு இறங்குகின்றன. வாயில் கோடிக்கணக்கான கிருமிகள் எப்போதும் இருக்கின்றன. புண் அவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. தடுக்க வேண்டிய அணுக்களோ இல்லை. சாதாரண வாய்ப்புண்ணுக்கும் கீமோ வாய்ப்புண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒன்று எரிச்சலோடு போய்விடும். மற்றொன்று இரத்தத்தில் கிருமித்தொற்றாக மாறி உயிரைப் பறிக்கக்கூடும். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சாப்பிட முடியாமல் எடை குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிவைக்கவோ மருந்தின் அளவைக் குறைக்கவோ நேரிடும். அதாவது, புற்றுநோய்க்கான சிகிச்சையே தளர்ந்துபோகும்.

*'சூடு' என்ற ஒரு சொல்*

தமிழில் வாய்ப்புண் என்பது ஒரே சொல். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வருவதும் வாய்ப்புண், டுரியான் அதிகம் சாப்பிட்டால் வருவதும் வாய்ப்புண், கீமோவால் வருவதும் வாய்ப்புண். அதற்கு நம் வீடுகளில் ஒரே விளக்கம்தான் உண்டு: உடம்புச் சூடு. மலாய்க்கார அண்டை வீட்டாரும் சீன நண்பர்களும் இதையேதான் சொல்வார்கள். மலேசியர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சில விஷயங்களில் 'சூடு' ஒன்று.

சூடு என்று முடிவு செய்துவிட்டால் அடுத்து நடப்பது தெரிந்ததே. இளநீர், பார்லி தண்ணீர், மணத்தக்காளிக் கீரை, நல்லெண்ணெய், தேன். இவற்றில் சில வாய்க்கு இதமாக இருக்கலாம். பிரச்சினை அதில் இல்லை. சூட்டுக்காக யாரும் மருத்துவமனைக்குத் தொலைபேசி அடிப்பதில்லை. பெரிய நோய்க்குச் சிகிச்சை எடுக்கும்போது இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லி டாக்டரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. குறிப்பாக நம் அம்மாமார்களிடம். வலியைச் சொல்லாமல் இருப்பதைப் பெருமையாக வளர்த்துக்கொண்ட தலைமுறை அது.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதலான ஓர் ஆபத்தும் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு உள்ளவர்களுக்கு வாய் சீக்கிரம் வறளும், பூஞ்சைத் தொற்று எளிதில் வரும், புண் ஆற நாளாகும். அதைவிட அவசரமானது வேறொன்று. வாய் வலியால் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சாப்பாடு குறைந்த நாளில் சர்க்கரை மருந்தை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

*புட்டியா, பழக்கமா?*

வாய்ப்புண்ணுக்கு என்ன மருந்து என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. மருந்துக்கடை அலமாரியில் வாய் கொப்பளிக்கும் திரவங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் மருத்துவர் அல்லர், ஒரு தாதி. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகச் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் தாதிமைத் துறைப் பேராசிரியராக இருந்த மேரிலின் டோட்.

அவருடைய குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநோயாளிகளாகக் கீமோ எடுத்த 200-க்கும் மேற்பட்டோர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற பிரபலமான கிருமிநாசினித் திரவம். மற்றொரு பிரிவுக்கு வெறும் தண்ணீர். இரு பிரிவினருக்கும் வாயை எப்படிப் பார்ப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று தாதியர் முறையாகச் சொல்லிக் கொடுத்தனர். முடிவில், திரவத்துக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் 44 விழுக்காட்டினருக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட வாய்ப்புண், 26 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே வந்தது. சொல்லிக் கொடுக்கப்படாத ஒரு பிரிவு அந்த ஆய்வில் இல்லாததால், இந்தக் குறைவு முழுவதும் தாதியரால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அது எங்கே பார்க்கவேண்டும் என்று சுட்டிக் காட்டியது.

2000-இல் அதே குழு, புண் வந்துவிட்டவர்களிடம் மூன்று திரவங்களை ஒப்பிட்டது. உப்பும் சோடாவும் கலந்த தண்ணீர், குளோர்ஹெக்சிடின், மரத்துப்போகும் மருந்து உட்பட மூன்று மருந்துகள் கலந்த ஒரு கலவை. புண் ஆற எடுத்துக்கொண்ட நாள்களில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே விலை குறைந்த உப்பு-சோடா தண்ணீரே போதும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. மூன்று பிரிவுக்கும் பொதுவாக இருந்தது தாதியரின் பயிற்சி.

சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், தாதி வீட்டைத் தொடர்ந்து விசாரித்தால் என்ன ஆகும்? 2009-இல் பிரிட்டனில் இருந்து வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. கேப்பசிடபின் மாத்திரை எடுத்த பெருங்குடல், மார்பகப் புற்றுநோயாளிகள் 164 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவுக்குத் தாதியின் வீட்டு வருகையும் தொடர்ச்சியான தொலைபேசி விசாரிப்பும். தாதி விசாரித்தவர்களிடம் முதல் இரண்டு சுற்றுகளில் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, குமட்டல், வலி ஆகியவை குறைவாக இருந்தன. மருத்துவமனையில் படுக்க நேர்ந்த நாள்களைக் கணக்கிட்டபோது, அந்தப் பிரிவில் 57 நாள், மற்றப் பிரிவில் 167 நாள்.

மூன்று மடங்கு வேறுபாடு. ஒரு படுக்கையின் ஒரு நாள் செலவையும் ஒரு தொலைபேசி அழைப்பின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, கணக்காளர் தேவையில்லை.

*தாதி செய்வது என்ன?*

வாயைப் பார்ப்பது என்பது டார்ச் அடித்து ஒரு பார்வை பார்ப்பதல்ல. அமெரிக்கத் தாதி ஜூன் ஐலர்ஸ் 1988-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டு முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. குரல், விழுங்குதல், உதடு, நாக்கு, எச்சில், வாயின் உள்தோல், ஈறு, பல் என்று எட்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 8 என்றால் வாய் நலமாக உள்ளது. 24-ஐ நோக்கி ஏறினால் நிலைமை மோசம். நேற்று 9, இன்று 13 என்றால், நோயாளி வாய் திறந்து புகார் சொல்லாவிட்டாலும் தாதிக்குத் தெரிந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இன்னும் எளிமையானது. எரிச்சலும் சிவப்பும் மட்டும் என்றால் முதல் நிலை. புண் உண்டு, ஆனால் சோறு சாப்பிட முடிகிறது என்றால் இரண்டாம் நிலை. கஞ்சி, பால் போன்றவை மட்டுமே இறங்குகிறது என்றால் மூன்றாம் நிலை. வாய் வழியாக எதுவுமே முடியவில்லை என்றால் நான்காம் நிலை. இதை வீட்டில் உள்ளவர்களே கவனித்துத் தொலைபேசியில் சொல்லலாம். "சோறு இறங்குதா, கஞ்சிதானா?" என்ற ஒரே கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

தாதியின் அறிவு எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஐஸ் கட்டி நல்ல எடுத்துக்காட்டு. 5-எஃப்யூ மருந்தை ஒரே ஊசியாக ஏற்றும்போது 30 நிமிடம் வாயில் ஐஸ் கட்டி வைத்திருந்தால் வாய்ப்புண் குறைகிறது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வாய்க்குப் போகும் மருந்து குறைகிறது. புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான அனைத்துலக வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பும் இதைப் பரிந்துரைக்கிறது. ஐஸ் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்று பயப்படும் நம் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒருவர் வேண்டும். அதே சமயம், பெருங்குடல் புற்றுநோய்க்கு 5-எஃப்யூவோடு ஒக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுவதுண்டு. அதை எடுப்பவர்களுக்குக் குளிர் பட்டால் தொண்டையும் விரலும் மரத்து வலிக்கும். அவர்களுக்கு ஐஸ் ஆகாது. இணையத்தில் படித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரர் செய்வதை நாமும் செய்வது இதனால்தான் ஆபத்து.

*நேரம் எங்கே?*

மலேசியத் தாதியருக்கு இந்தத் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. புத்ராஜெயா பிரிசிண்ட் 7-இல் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் 2013 முதல் இயங்கி வருகிறது. கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் புற்றுநோய்ப் பராமரிப்பில் நீண்ட அனுபவம் கொண்ட தாதியர் உள்ளனர். நம் தாதியரைச் சிங்கப்பூரும் சவூதி அரேபியாவும் போட்டி போட்டு அழைப்பதே அவர்களின் தரத்துக்குச் சான்று.

குறைவது நேரம்தான். 2024 டிசம்பர் முதல் தேதி அரசு ஊழியர்களின் புதிய ஊதிய முறை நடப்புக்கு வந்தபோது, ஷிப்ட் முறையில் வேலை செய்யும் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் திட்டமும் அதனுடன் வந்தது. தாதியர் தரப்பில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சுகாதார அமைச்சு அதைத் தள்ளிவைத்தது. அந்த விவாதம் பெரும்பாலும் சம்பளம், களைப்பு, வெளிநாட்டுக்குப் போகும் தாதியர் என்ற அளவிலேயே நடந்தது. அவை நியாயமான கேள்விகள். ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஆள் குறையும்போது தாதி எந்த வேலையைக் கைவிடுகிறார்?

மருந்து ஏற்றுவதைக் கைவிட முடியாது. இரத்த அழுத்தம் பார்ப்பதைக் கைவிட முடியாது. கைவிடப்படுவது உட்கார்ந்து பேசும் அந்தப் பத்து நிமிடம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, பல் துலக்கும் முறையைச் செய்து காட்டுவது, ஏழாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடக் கணக்கில் வருபவை. அது நடக்காவிட்டால் எந்த அறிக்கையிலும் குறையாகத் தெரியாது. நோயாளி காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு வரும்போது அது 'கிருமித்தொற்று' என்று பதிவாகும்.

மொழியும் இதில் சேர்கிறது. தோட்டத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அறுபது, எழுபது வயதுப் பெண்கள் பூச்சோங், கிள்ளான் வட்டாரத்தில் நிறைய உண்டு. கடைக்கும் பஸ்சுக்கும் அவர்களின் மலாய் போதும். வாய் எரிகிறதா, குத்துகிறதா, மரத்துப்போகிறதா, விழுங்கும்போது மட்டும் வலிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல அந்த மலாய் போதாது. "சாக்கிட்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். எனவே தமிழ் தெரிந்த ஒரு தாதியின் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு.

வீட்டுக்குத் தாதி வருவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வீடாகச் சென்று, நோய் முற்றியவர்களை இலவசமாகக் கவனித்து வருகிறது. குணமாகும் நம்பிக்கை குறைந்த பிறகு வீடு தேடி வரும் தாதி, குணமாவதற்காகப் போராடும் நாள்களில் குறைந்தது தொலைபேசியிலாவது வரவேண்டும் என்று கேட்பது அதிகமாகாது.

*வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை*

கீமோ தொடங்கும் முன்: பல் கிளினிக்குக்குப் போய்ச் சொத்தைப் பல், ஆடும் பல் ஆகியவற்றைக் காட்டுங்கள். பிடுங்க வேண்டியிருந்தால் காயம் ஆற இரண்டு வாரமாவது தேவை. கீமோ எடுக்கப்போவதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெற்றிலை பாக்கு, சிகரெட், மது ஆகியவற்றை நிறுத்தவேண்டும். பாக்கு, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது. சிகிச்சைக் காலத்தில் அது புண்ணில் உரசும் கல்.

தினமும்: மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்குங்கள். ஈறில் இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்திவிடாமல், எப்படித் தொடர்வது என்று தாதியிடம் கேளுங்கள். பொய்ப்பல்லை இரவில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புண் இருந்தால் சாப்பிடும் நேரம் தவிர போடாதீர்கள்.

கொப்பளிக்க: ஒரு கப் வெதுவெதுப்பான கொதித்தாறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடா, அதில் பாதி அளவு உப்பு. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்கவேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, ஆப்பசோடா வேறு. ஆல்கஹால் கலந்த திரவங்கள் எரிச்சலைக் கூட்டும்.

சாப்பாடு: சம்பால், ஊறுகாய், புளி, எலுமிச்சை, கொதிக்கும் தே தாரிக், மொறுமொறுப்பான முறுக்கு ஆகியவை சில வாரம் ஒதுங்கட்டும். ஆறிய கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், அவித்த முட்டை, ஊறவைத்த இட்லி போன்றவை இறங்கும். தேன் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தலை, கழுத்துக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடம் நடந்தவை. நீரிழிவு உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவேண்டாம். பச்சைக் கீரைச்சாறு போன்ற சமைக்காத மருந்துகளை வெள்ளை அணுக்கள் குறைந்த நாள்களில் தவிர்ப்பது நல்லது.

உடனே அழைக்க: காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால், வாயில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்தால், இரத்தம் நிற்காவிட்டால், காலை வரை காத்திருக்கவேண்டாம். காய்ச்சல் அளக்கும் முன் பெனடால் போடாதீர்கள். காய்ச்சல் மறைந்துபோகும், ஆபத்து மறையாது. அவசரப் பிரிவில் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம், "கீமோ எடுத்து இத்தனை நாள் ஆகிறது" என்பது.

*கேட்க வேண்டியது சிறியது*

புதிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. கீமோ எடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளில் பத்து நிமிடம், ஏழாம் நாளில் ஒரு தொலைபேசி அழைப்பு, முடிந்தவரை அவர் பேசும் மொழியில். தாதியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும் அமைச்சும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் வேலை மணி நேரத்தோடு இந்தக் கணக்கையும் போடவேண்டும்.

நம் கோயில்களும் இயக்கங்களும் ஆண்டுதோறும் இரத்ததான முகாம், சுகாதார முகாம் என்று நல்ல காரியங்கள் செய்கின்றன. ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை ஒன்றைப் புற்றுநோய்த் தாதியர் ஒருவரின் மேற்பார்வையில் தயாரித்து அந்த முகாமில் கொடுக்கலாம். ஓய்வுபெற்ற தமிழ்த் தாதியர் எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கின்றனர். சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் ஒப்புதலோடு விசாரிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்கலாம்.

அதுவரை, கீமோ எடுக்கும் உறவினர் யாராவது இருந்தால் ஏழாம் நாள் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்ற பதில்தான் வரும். என்ன சாப்பிட்டார், அது எப்படி இறங்கியது என்று கேளுங்கள்.